செம்பருத்தித் தேநீரும் நான் நிறுத்தாத மாத்திரையும்

நான் பொய் சொன்னேன்.

செம்பருத்தித் தேநீர் குடித்தே என் இரத்த அழுத்தம் தீர்ந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்றேன். எறியவில்லை! ஒரு நாளும் எறியவில்லை. காலையில் பல் துலக்கியதும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாய்த் தண்ணீரில் அதை விழுங்குவேன். பிறகு கூடத்துக்கு வந்து, எல்லோரும் பார்க்கும்படி அந்தச் சிவந்த தேநீரை மிடறு மிடறாகக் குடிப்பேன்.

என் சொல்லை நம்பி என் அக்கா தன் மாத்திரையை நிறுத்தினாள். இன்று அவளுடைய வலது கையும் வலது காலும் அவள் சொன்னபடி கேட்பதில்லை.

இதுதான் விஷயம். இனி எழுதப்போவதெல்லாம் விளக்கம். அதைச் சமாதானம் என்று நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் நல்லவனைப் போலத் தோன்றும் இடம் எங்கேனும் வந்தால், அந்த இடத்தில் என்னை இன்னும் கூர்ந்து பாருங்கள்.

நான் ஒரு தமிழாசிரியன். நகரிப் பக்கத்தில், ஆந்திர அரசுப் பள்ளியொன்றில், இன்னும் தமிழ் படிக்க வரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். குடியிருப்பது புத்தூரில். பெயர் ஏகாம்பரம். பள்ளியில் எல்லோருக்கும் நான் 'மாஸ்டாரு'. மேடை ஏறினால் கைதட்டு வாங்காமல் இறங்கியதில்லை. அந்தக் கைதட்டுதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு வசதி... ஆனால் கைதட்டியவர்கள் என்ன செய்வார்கள்? கேட்டதை நம்பினார்கள். அவ்வளவுதான்.

ஒரு முறை எங்கள் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினோம். என் முறை வந்ததும் நர்ஸ் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினாள். பிறகு இன்னொரு முறை. "மாஸ்டாரு, திருப்பதி போய்ப் பெரிய டாக்டரைப் பாருங்க" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இந்த வயசுலயேவா!" என்று உடற்பயிற்சி ஆசிரியர் என் முதுகில் தட்டினார். அவர் என்னைவிட மூத்தவர். அவருக்கு ஒரு குறையும் இல்லை.

அன்று நான் அடைந்த வெட்கத்தை எப்படிச் சொல்வேன்? நோய் வந்ததற்காகவா ஒருவன் வெட்கப்படுவான்? நான் பட்டேன். திருடிப் பிடிபட்டவனைப் போலப் பட்டேன்!

திருப்பதியில் ஒரு டாக்டரம்மா இரண்டு மாத்திரைகள் எழுதிக்கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய் கூடாது, அப்பளம் கூடாது, நடக்க வேண்டும் என்றார். எல்லாம் செய்தேன். ஒழுங்காகவே செய்தேன்.

தேநீர் அதற்குப் பிறகு வந்தது. என் மனைவி சுமதி யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு வேலியில் பூத்த ஒற்றை அடுக்குச் செம்பருத்தியைப் பறித்து, காம்பையும் மகரந்தத்தையும் கிள்ளிப் போட்டு, இதழ்களை மட்டும் கொதிநீரில் இட்டுத் தந்தாள். நீர் முதலில் ஊதாவாக மாறிற்று. எலுமிச்சை பிழிந்ததும் சட்டெனச் சிவந்தது. குடித்தேன். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்த நிறமாற்றம் இருக்கிறதே... அதை ஆசிரியர் அறையில் செய்து காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு கண்ணாடி டம்ளர், பிளாஸ்க்கில் ஊதா நீர், அரை எலுமிச்சை. பிழிந்தேன். 'அட!' என்றார்கள். நோயாளி என்று சிரித்த அதே ஆட்கள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

சில மாதங்கள் போயின. எடை குறைந்தது. ஒரு நாள் காலை வழிபாட்டில் நின்றிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். மறுநாளே திருப்பதி போனேன். டாக்டரம்மா அளந்து பார்த்து, "ரொம்ப இறங்கியிருக்கு. வேற ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். தேநீரைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. பொறுமையாகவே சொன்னார். தெலுங்கும் தமிழும் கலந்து அவர் சொன்னது ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நினைவிருப்பதுதான் என் குற்றத்தின் பாதி.

செம்பருத்தி இனத்தில் பல செடிகள் உண்டாம். நம் கோங்குராவுக்கு, அதாவது புளிச்சக்கீரைக்கு, உறவான ஒரு செடியின் சிவந்த புளிப்புத் தோலைக் காயவைத்துப் போடும் தேநீர் அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கும் என்பதற்கு ஓரளவு சான்று இருக்கிறதாம். வேலியில் பூக்கும் பூவைப் பற்றி அந்த அளவு கூடத் தெரியாதாம். "குடிங்க, வேணாம்னு சொல்லல. ஆனா அது மருந்து இல்ல. மாத்திரையோட சேர்ந்தா சில பேருக்கு அளவுக்கு மேல இறங்கும், உங்களுக்கு ஆன மாதிரி. சர்க்கரை மாத்திரை போடறவங்க இன்னும் பார்த்துக்கணும். மாசமா இருக்கறவங்க தொடவே கூடாது. எதுவா இருந்தாலும் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்தினா திடீர்னு ஏறும். ஏறறது தெரியாது. தெரியும்போது நேரம் தாண்டியிருக்கும்."

இரண்டு மாத்திரையில் ஒன்றை அவர் நிறுத்தினார். எடை குறைந்தது, உப்பு குறைந்தது, நடந்தது... இவையெல்லாம் சேர்ந்து செய்த வேலை என்றார். தேநீருக்கு அதில் பங்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்றார்.

மறுநாள் பள்ளியில் நான் சொன்னது: "டாக்டரே ஒரு மாத்திரையை நிறுத்திட்டாங்க!"

இது உண்மை. கவனியுங்கள், இது உண்மைதான்! பொய்யாக என் வாயில் எதுவும் முதலில் வரவில்லை. அடுத்த வாரம் யாரோ, "அப்போ மாஸ்டாரு, இன்னொண்ணும் நின்னுடுமா?" என்றார்கள். "நின்ன மாதிரிதான்" என்றேன். அதற்கும் அடுத்த முறை கேட்டவரிடம் 'மாதிரி' என்ற சொல்லை விட்டுவிட்டேன். ஒரே ஒரு சொல். தமிழாசிரியனுக்கு அதன் எடை தெரியாதா?

அன்றிலிருந்து மாத்திரை குளியலறைக்குப் போயிற்று. முகச்சவரப் பெட்டிக்குள் பிளேடுகளுக்கு அடியில் அதை ஒளித்தேன். சுமதிக்கு மட்டும் தெரியும். முதலில் சிரித்தாள். "மாத்திரை போடறது அவ்வளவு கேவலமா?" என்றாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஒருத்தி, மாசமாக இருந்தவள், "நானும் இந்த டீ குடிக்கலாமா சார்?" என்று கேட்டாள். "வேண்டாம்மா! வேண்டவே வேண்டாம்" என்று பதறிச் சொன்னேன். பார்த்தீர்களா, உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது. அந்த உண்மை என் பொய்யை உடைக்கவில்லை, அதனால் சுலபமாக வந்தது. அதற்காக அன்று முழுதும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்... த்தூ!

இப்போது அக்காவைப் பற்றி.

லோகநாயகி. நான் லோகாக்கா என்பேன். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டாள். மாமா இறந்த பிறகு கரும்பையும் கொஞ்சம் மாமரங்களையும் தனியாகவே பார்த்துக்கொண்டாள். ஒரே மகள் பவானி, ஸ்ரீசிட்டியில் போன் கம்பெனியொன்றில் வேலை. நல்ல பெண். தேர்ந்த வேலைக்காரி என்று லைன் லீடர் ஆக்கினார்கள்.

அக்காவுக்குப் பல வருடங்களாக இரத்த அழுத்தம். மாத்திரை போட்டால் கால் வீங்கும். போகும் இடமெல்லாம் அந்த வீக்கத்தைப் பற்றியே புலம்புவாள்.

பவானிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு சத்தியவேடு. பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் என் உடம்பைப் பார்த்து, "சார் நல்லா மெலிஞ்சு இளமையா ஆயிட்டீங்களே, என்ன ரகசியம்?" என்று கேட்டார். கேட்க வேண்டுமா என்னிடம்? எழுந்து நின்றே பேசினேன். ஊதா சிவப்பாவதைக் கைகளால் நடித்துக் காட்டினேன். அந்தப் பந்தலில் அத்தனை பேர் முன்னால், "மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டேன்!" என்றேன். நல்ல சிரிப்பு. நல்ல கைதட்டு.

அக்கா கைதட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாத்திரங்கள் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் என்னை ஒதுக்கி அழைத்தாள். சுமதியும் அங்கே நின்றிருந்தாள். அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழவில்லை.

"பாருடா ஏகா, இப்பிடியே வீங்கிக்கினு கீது. அந்த மாத்திரையாலதான். பந்தல்ல சொன்னியே, நெஜமா நிறுத்திட்டியா? எங்கிட்ட மட்டும் சொல்லு."

எங்கிட்ட மட்டும் சொல்லு...

கதவு அதுதான். திறந்தே இருந்தது. 'இல்லக்கா, சும்மா பெருமைக்குச் சொன்னேன், தினமும் போட்டுக்கினுதான் இருக்கேன்' என்றால் அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சிரித்திருப்பாள். கால் வீக்கத்துக்கு வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள், டாக்டரிடம் கேள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் எனக்குத் தெரியும்! ஆனால் பக்கத்தில் சம்பந்தி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நெஜமாத்தாங்க்கா" என்றேன்.

சுமதி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பேருந்தில் வரும்போது கேட்டாள்: "ஊருக்குச் சொல்லுங்க, யார் வேணாம்னா? கூடப் பிறந்தவங்ககிட்டயுமா? நாளைக்கே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

"சொல்றேன்" என்றேன்.

சொல்லவில்லை.

அக்காதான் போன் செய்தாள். உற்சாகம் பொங்கிற்று அவள் குரலில். "டேய், காலு வத்திப் போச்சுடா! செருப்பு பழையபடி நுழையுது. ரெண்டு வேளை குடிச்சுக்கினு இருக்கேன். தலை கூட லேசா கீது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதுக்கும் ஒரு தடவை பி.பி. பார்த்துக்கக்கா" என்றேன். "எதுக்குடா? நீ பார்த்துக்கினியா?" என்று கேட்டாள். "ம்..." என்றேன். அந்த 'ம்' எவ்வளவு கோழையான எழுத்து!

கால் வீக்கம் மாத்திரையால் வந்தது, ஆகவே மாத்திரையோடு போயிற்று. உள்ளே என்ன ஏறிக்கொண்டிருந்தது என்று கால் சொல்லுமா? அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு வாரம் முழுதும் பாடம் நடத்தினேன், சாப்பிட்டேன், தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன்!

சுமதி ஒரு முறை என் கையில் போனைத் திணித்தாள். "நீங்க பேசறீங்களா, நான் பேசட்டுமா?" என்றாள். "நீ பேசினா நம்ம மானம் போகும். நான் நேர்ல போய்ச் சொல்றேன், மாங்காய் சீசன் முடியட்டும்" என்றேன். அவள் அதை நம்பினாளா, இல்லை நம்புவது போல் விட்டுவிட்டாளா... இன்றுவரை நான் கேட்டதில்லை.

சீசன் முடியவில்லை. மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் அக்கா விழுந்தாள். கூடையைத் தூக்கிவிடக் கை நீட்டியவள் அப்படியே சரிந்தாளாம். பவானி அன்று விடுப்பில் இருந்தாள். ஆம்புலன்ஸில் சித்தூர் கொண்டு போனார்கள். அங்கிருந்து திருப்பதி. நான் பள்ளியிலிருந்து நேரே ஓடினேன்.

மூளைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். அக்கா கண் மூடிக் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவள் புடவையில் மாம்பால் கறை அப்படியே இருந்தது.

ஓர் இளம் டாக்டர் வந்து என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேட்டார். பவானி சொன்னாள்: "பி.பி.க்குப் போட்டுக்கினு இருந்தாங்க சார். நிறுத்திட்டாங்க. செம்பருத்தி டீ குடிச்சாங்க."

"யார் நிறுத்தச் சொன்னது?"

பவானி என்னைக் காட்டவில்லை. காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எனக்காக வாதாடினாள்! "எங்க மாமாவும் அதுதான் சார் குடிக்கறாரு. அவரும் மாத்திரைய நிறுத்திட்டாரு. அவருக்கு ஒண்ணும் ஆகலையே சார்?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களா? கைய நீட்டுங்க."

நீட்டினேன். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவளுக்குக் கட்டியிருந்த பட்டையைப் போன்ற ஒன்றை என் கையில் கட்டினார்கள். எண் வந்தது. கொஞ்சம்தான் கூட. பதற்றத்தில் அவ்வளவு ஏறுவது சகஜம் என்றார் டாக்டர்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். எல்லாருக்கும் இப்படி இருக்காது. டீ குடிச்சது தப்பில்லம்மா. மாத்திரைக்குப் பதிலா குடிச்சாங்களே, அதுதான் தப்பு."

அதிர்ஷ்டமா? காலையில் குளியலறையில் விழுங்கியது என் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஐயா! அதைத்தான் உங்கள் கருவி அளந்தது! அப்போதாவது சொல்லியிருக்கலாமே... வாய் திறந்தேன். "ஆமா சார்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

என் பொய்யை ஒரு மருத்துவரே அளந்து பார்த்து மெய்யாக்கிவிட்டார். அதுவும் என் அக்காவின் தலைமாட்டில்.

மறுநாள் காலை அந்த ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் நின்றுகொண்டு என் மாத்திரையை விழுங்கினேன். வெளியே பவானி மருந்துக்கடைக்கும் வார்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். நான் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். ஏன் விழுங்கினேன்? அன்று ஒரு நாளாவது விழுங்காமல் இருந்திருக்கலாமே? உயிர் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. இப்போது உங்களுக்குத் தெரிகிறதா நான் யாரென்று?

அக்கா பிழைத்தாள். பேச்சு குழறலாகத் திரும்பியது. பவானி வேலையை விட்டாள். மாப்பிள்ளை வீட்டார், "அம்மா உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அப்புறம் என்பது வரவே இல்லை. அந்தப் பையனுக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். பவானி என்னிடம் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

அக்கா வீடு திரும்பிய பிறகு, சொல்லிவிடுவதென்று தீர்மானித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

கட்டிலில் சாய்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் இடது கையை நீட்டினாள். நான் பேசுவதற்கு முன் அவளே ஆரம்பித்தாள். ஒவ்வொரு சொல்லும் நாக்கில் சிக்கிச் சிக்கி வந்தது.

"நீ மனசு உட்டுறாதடா. உன்னால இல்ல. நாந்தான் தப்பாக் காச்சிட்டேன். நீ ஒத்தைப் பூவு சொன்னே. நான் சில நாளு அடுக்குப் பூவையும் போட்டேன். அதான் கேட்கல."

"அக்கா, அப்படி இல்லக்கா..." என்றேன்.

"இருடா, நான் சொல்லி முடிச்சுக்கறேன்." அவள் கண்ணில் நீர் இறங்கியது. ஒரு பக்கக் கண்ணிலிருந்து மட்டும் கன்னத்தில் ஓடிற்று. மறுபக்கம் இமையிலேயே தேங்கி நின்றது. "எனக்கு வந்தது உனக்கு வந்துடப் போவுதுன்னு பயந்துக்கினே கீறேன்டா. நெனச்சா சோறு எறங்கல. நீயும் மாத்திரை இல்லாமதான இருக்கே? இப்போ நல்லா கீதுன்னு நம்பாதே. எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. மாத்திரைய ஆரம்பிச்சுடுடா ஏகா. அக்காவுக்காக ஆரம்பிச்சுடு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"சரிக்கா" என்றேன். "நாளைக்கே ஆரம்பிக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள்!

ஒரு வாரம் கழித்து, மாத்திரை ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டுப் போன் செய்தாள். ஆரம்பித்துவிட்டேன் என்றேன். நான் சொன்ன பொய்களிலெல்லாம் ஆக மோசமானது இதுதான். ஏனென்றால் இதில் மட்டும் சொல் மெய்யைப் போலவே இருந்தது: மாத்திரையை நான் உண்மையிலேயே விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"அப்போ திருமலைக்குக் கூட்டிக்கினு போடா" என்றாள். "நீ மாத்திரை ஆரம்பிச்சா மொட்டை போட்டுக்கறேன்னு வேண்டிக்கினேன்."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். உடம்பு தேறட்டும் என்றேன். முடி வேண்டாம், காணிக்கை போடலாம் என்றேன். கேட்கவில்லை. வேண்டுதலை மாற்றினால் சாமி குற்றம் என்னைத்தான் பிடிக்கும் என்று பயந்தாள்.

சென்ற மாதம் கூட்டிச் சென்றோம். சுமதி வரவில்லை. வரமாட்டேன் என்றாள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மலை ஏறும் பேருந்தில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் 'கோவிந்தா' என்று குழறினாள். முடி இறக்கும் மண்டபத்தில் சக்கர நாற்காலியோடு அவளை உள்ளே விட்டார்கள். பெண்கள் பகுதியில் முடி எடுக்கும் அம்மாள் ஒருத்தி, நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். நானும் பவானியும் வெளியே நின்றோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகள் எங்களைச் சுற்றி ஓடின.

பவானி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"மாமா, அத்தை எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க."

"எப்போ?"

"அம்மா ஐ.சி.யூ.ல இருந்தப்பவே."

அப்படியானால் இத்தனை மாதங்களாக, நான் போகும்போதெல்லாம் எனக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினாளே... தெரிந்துகொண்டா? அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அடுப்படியில் நின்றிருந்தாளே... தெரிந்துகொண்டா?

"அம்மாகிட்ட சொல்லிடறேன் பவானி" என்றேன். "இன்னிக்கே சொல்லிடறேன். கால்ல விழறேன்."

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"வேணாம். சொல்லவே கூடாது. எங்கம்மா பூவைத் தப்பாப் போட்டுட்டேன்னு நெனச்சுக்கினு எப்படியோ இருந்துடும். தம்பி ஏமாத்திட்டான்னு தெரிஞ்சா அதுக்கு அப்புறம் இருக்காது மாமா. உங்களுக்கு மனசு லேசாகணும்னா வேற யார்கிட்டயாவது போய்ச் சொல்லிக்கோங்க."

வேறு யாரிடமாவது... ஆகவேதான் உங்களிடம் வந்தேன். முகம் தெரியாத உங்களிடம். அவள் சொன்ன இடத்தில் வந்து சொல்லிவிட்டேன். லேசாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அவளிடம், "என்னை மன்னிச்சுடும்மா" என்று கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்குள் அக்காவின் நாற்காலியை வாங்கிக்கொள்ள நடந்துவிட்டாள்.

அக்கா வெளியே வந்தாள். தலை பளபளவென்று இருந்தது. காதோரம் சிறு கீறலில் ஒரு துளி இரத்தம். பவானி சந்தனத்தைக் குழைத்துப் பூசினாள். அக்கா இடது கையால் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, இழுபட்ட வாயால் சிரித்தாள்.

"எப்பிடி கீறேன்டா? அசிங்கமா கீறேனா?"

"இல்லக்கா, அழகா இருக்கே."

"கிட்ட வாடா."

குனிந்தேன். அவள் கையில் ஒட்டியிருந்த சந்தனத்தை என் நெற்றியில் பூசினாள்.

"இனிமே உனக்கு ஒண்ணும் வராது" என்றாள்.

பவானி நாற்காலியைத் தள்ளத் தொடங்கினாள். சாமி பார்க்கும் வரிசை நீளமாக இருந்தது. நான் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன்.